61 வயதில் பெருவின் மலைப்பாதை: போகலாமா, டாக்டர்?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், விட்டுவிட்டேன். வயது 61. பணி ஓய்வு பெற்றவர். 11 வருடமாகச் சர்க்கரை, சில வருடங்களாக ரத்த அழுத்தமும் உண்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.4. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின் மூன்றும் சர்க்கரைக்கு. பிபிக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரே மாத்திரை. சின்ன வயதில் சல்ஃபா மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் அரிப்பு வந்ததாக ஓரத்தில் ஒரு வரி.

மகளும் மருமகனும் அமெரிக்காவில். இவரிடம் அமெரிக்க விசா இருக்கிறது. மே மாதம் அங்கே போய், ஜூனில் மூவரும் பெருவுக்குப் போவதாகத் திட்டம். கடலோரத் தலைநகர் லிமாவில் இரவு இறங்கி, மறுநாள் காலை விமானத்தில் ஆண்டிஸ் மலைமேல் இருக்கும் குஸ்கோ நகரம். அதற்கு அடுத்த நாள் விடிகாலை நாலு மணிக்கு சல்கன்டாய் என்ற மலைப்பாதையில் ஐந்து நாள் நடை தொடக்கம். அது முடியும் இடத்தில் இன்கா மக்களின் பழைய மலைநகரமான மச்சு பிச்சு பார்த்துவிட்டு லிமா திரும்பி, அங்கிருந்து ஐரோப்பா வழியாக இவர் நேரே இந்தியா. முன்பணம் கட்டியாகிவிட்டது.

“தினமும் 6 கிலோமீட்டர் நடக்கிறேன். வருடம் தவறாமல் சதுரகிரி ஏறுகிறேன். பத்ரிநாத்தில் ஒரு ராத்திரி தங்கியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. மனைவிதான் பயப்படுகிறார். ஆக்சிஜன் கேன் வாங்கிக்கொள்ளலாம், கோகா டீ குடித்தால் போதும் என்கிறார் மாப்பிள்ளை. மஞ்சள் காய்ச்சல் ஊசி மச்சு பிச்சுவுக்குத் தேவையே இல்லை என்கிறார் ஒரு நண்பர். நான் போகலாமா?”

ஐயா, போகலாம். ஆனால் உங்கள் மகள் போட்டு வைத்திருக்கும் தேதிகளில் போகக்கூடாது.

உங்கள் கால்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சதுரகிரிப் பாறைகளில் ஏறி இறங்குகிறவருக்கு நடை ஒரு பொருட்டல்ல. ஆனால் நீங்கள் கும்பிடும் மகாலிங்கம் கோயில் கொடைக்கானலைவிடத் தாழ்வான இடத்தில் இருக்கிறது. குஸ்கோ விமான நிலையத்தில் நீங்கள் கால் வைக்கும்போதே ஏறத்தாழ 3,400 மீட்டர். ஊட்டியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். குஸ்கோவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. சல்கன்டாய் கணவாயில், அதாவது 4,600 மீட்டரில், பாதிக்குச் சற்று மேல். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்தக் கணக்கில் குறையும். உடம்பு இதற்குப் பழகும், ஆனால் அதற்கு நாள் கணக்கில் நேரம் வேண்டும். உடற்பயிற்சி செய்து அந்த நாட்களைக் குறைக்க முடியாது. இன்னும் சொன்னால், நல்ல உடல்வாகு உள்ளவர்களே வேகமாக ஏறி, தலைவலியைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

பத்ரிநாத் அனுபவம் பயனற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் அது 3,100 மீட்டர் அளவில் இருக்கும் ஊர். பஸ்ஸில், வழியில் தங்கித் தங்கிப் போயிருப்பீர்கள். ஒரு ராத்திரியில் கீழே இறங்கிவிட்டீர்கள். கடல் மட்டத்திலிருந்து ஒரே விமானத்தில் 3,400-க்குப் போய், மறுநாள் இரவு 3,900-ல் படுத்து, அதற்கு மறுநாள் 4,600-ஐத் தாண்டுவது வேறு கதை.

முதலில் நாட்காட்டியைத் திருத்துங்கள்

மருத்துவத்தில் இதற்கு ஒரு எளிய விதி உண்டு. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கூடுதலாக ஒரு ராத்திரி அதே உயரத்தில் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினாலும் தூங்குவது எங்கே என்பதுதான் முக்கியம்.

குஸ்கோவுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்தே வண்டி பிடித்து, ஊருக்குள் தங்காமல், உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடலாம். உருபம்பாவும் ஒய்யான்டாய்தம்போவும் 2,800 மீட்டரை ஒட்டியவை. அங்கே இரண்டு ராத்திரி, பிறகு குஸ்கோவில் இரண்டு ராத்திரி. அதற்கப்புறம் சல்கன்டாய் பாதையின் முதல் முகாமான சொராய்பம்பாவுக்குப் போனால் 3,400-லிருந்து 3,900, விதிக்குள் வந்துவிடும். மூன்று நாள் கூடுதலாகும். மகளுக்கு லீவு கிடைப்பது கஷ்டம்தான், தெரிகிறது. ஆனால் அந்த மூன்று நாளுக்கு ஈடான மாத்திரை எதுவும் என்னிடம் இல்லை.

ஜூன் மாதம் தேர்ந்தெடுத்தது நல்லது. மே முதல் செப்டம்பர் வரை அங்கே வறண்ட பருவம். ஆனால் அது குளிர்காலமும்கூட. சொராய்பம்பாவில் இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். ஜூன் 24 அன்று குஸ்கோவில் இன்டி ராய்மி என்ற சூரியத் திருவிழா. அதை ஒட்டிய நாட்களில் அறை கிடைப்பது பெரும்பாடு. தேதி மாற்றும்போது இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வழிகள்

மேலே சொன்ன நாட்களைச் சேர்த்துக்கொண்டு சல்கன்டாயே போவது ஒன்று. இதில் இரண்டாம் நாள்தான் கடினம்: 3,900-லிருந்து 4,600 வரை ஏறி, அதே நாளில் மறுபக்கம் 2,900 வரை இறங்க வேண்டும். 1,700 மீட்டர் இறக்கம். மூச்சை ஏற்றம் வாங்கும், முழங்காலை இறக்கம் வாங்கும். கையில் இரண்டு ஊன்றுகோல் இல்லாமல் போகாதீர்கள்.

இரண்டாவது வழி, புகழ்பெற்ற நான்கு நாள் இன்கா பாதை. இதன் உச்சம் 4,215 மீட்டர், சல்கன்டாயைவிடக் குறைவு. ஆனால் அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஒரு நாளைக்கு 500 பேர்தான், அதிலும் சுமை தூக்குகிறவர்கள், வழிகாட்டிகள் எல்லோரும் சேர்த்தி. பாஸ்போர்ட் எண்ணோடு பதிவாகும் சீட்டு அது, பிறருக்கு மாற்ற முடியாது. ஜூன் மாதச் சீட்டுகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும்.

மூன்றாவதைத்தான் நான் உங்களுக்குச் சொல்வேன். ஒய்யான்டாய்தம்போவில் ரயில் ஏறி 104-வது கிலோமீட்டரில் இறங்கினால், இன்கா பாதையின் கடைசிப் பகுதியை மட்டும் ஒரே பகலில் நடக்கலாம். வினய் வைனா என்ற அழகான இடிபாடுகளைத் தாண்டி, சூரிய வாசல் வழியாக மச்சு பிச்சுவை மேலிருந்து பார்த்தபடி இறங்குவீர்கள். உச்சமே சுமார் 2,700 மீட்டர்தான். கல் படிகளும் ஏற்றமும் நிறைய உண்டு, உங்கள் சதுரகிரிக் கால்களுக்கு வேலை இருக்கும். இரவு கூடாரத்தில் அல்ல, மச்சு பிச்சுவின் அடிவாரத்தில் இருக்கும் அகுவாஸ் கலியென்டெஸ் ஊரில் விடுதியில். இதற்கும் அனுமதி வேண்டும், ஆனால் நான்கு நாள் சீட்டைவிடக் கிடைப்பது சுலபம். மகளும் மாப்பிள்ளையும் சல்கன்டாய் நடந்துவிட்டு அதே ஊரில்தான் வந்து சேர்வார்கள். நீங்கள் அங்கே அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

உங்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். கடிதத்தில் “சல்கன்டாய்” என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கீழே சொல்லும் பரிசோதனைகள் எல்லாம் சரியாக வந்து, நாட்களும் கூடினால் முதல் வழியை நான் தடுக்கமாட்டேன்.

உங்கள் மாத்திரைகள்

வீட்டில் எல்லோரும் ஆக்சிஜனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, எனக்கு உறுத்தியது உங்கள் மாத்திரைப் பட்டியல்தான். இவற்றை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். உங்கள் டாக்டரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டிப் பேசுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. கூடவே நீரும் போகும். நாள் முழுக்க நடந்து, சரியாகச் சாப்பிடாமல், தண்ணீர் குறைந்த நிலையில் இந்த மருந்து எடுப்பவர்களுக்கு அபூர்வமாக ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். இதில் மோசமான விஷயம், குளுக்கோமீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்கும். உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் மலை நோய்க்கும் ஏறக்குறைய இதே அறிகுறிகள்தான். கூடாரத்தில் இரண்டையும் பிரித்தறிவது டாக்டருக்கே கடினம். நடை தொடங்கச் சில நாள் முன்பே இதை நிறுத்திவைத்து, முடிந்தபின் மீண்டும் தொடங்கலாமா என்று கேளுங்கள். நான் உங்கள் டாக்டராக இருந்தால் நிறுத்தியிருப்பேன்.

கிளிமிபிரைடு லோ சுகர் கொண்டுவரும். 6 கிலோமீட்டர் காலை நடைக்கும் எட்டு ஒன்பது மணி நேர மலை நடைக்கும் உள்ள வித்தியாசம் சர்க்கரையில் தெரியும். லோ சுகரில் வரும் தடுமாற்றத்தை “உயரம் ஒத்துக்கொள்ளவில்லை” என்று கூட இருப்பவர்கள் நினைத்துவிட்டால் ஆபத்து. நடக்கும் நாட்களில் அளவைக் குறைப்பது பற்றிப் பேசுங்கள். குளுக்கோஸ் பொடியும் கடலை மிட்டாயும் பையின் அடியில் அல்ல, சட்டைப் பையில் இருக்கட்டும். குளுக்கோமீட்டரும் அதன் பட்டைகளும் குளிரில் தப்பாகக் காட்டும். உடம்போடு ஒட்டி, உள்சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மினைப் பொறுத்தவரை, வாந்தியோ பேதியோ வந்தால் அது நிற்கும்வரை எடுக்கக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிபி மாத்திரையில் இருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு நீரைப் பிரிக்கும் மருந்து. மலை நோய்க்கு நான் சொல்லப்போகும் அசிட்டசோலமைடும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்தால் உடம்பு வற்றும், பொட்டாசியம் குறையும். வெறும் டெல்மிசார்டனுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். மாறுவதானால் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே மாறி, பிபி கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். உயரத்தில் முதல் சில நாள் பிபி கொஞ்சம் ஏறுவது சாதாரணம். அதைப் பார்த்துப் பதறி, நீங்களே இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கிளம்பும் முன் கிரியேட்டினின், பொட்டாசியம், விழித்திரைப் பரிசோதனை, ஈசிஜி இவை கட்டாயம். உங்கள் வயதுக்கும் 11 வருடச் சர்க்கரைக்கும் ட்ரெட்மில் பரிசோதனையும் தேவையா என்று இதய மருத்துவர் முடிவு செய்யட்டும். பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புது ஷூவை அமெரிக்காவில் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். இப்போதே வாங்கி, அதே சாக்ஸோடு சதுரகிரிக்கு இரண்டு முறை போய்வாருங்கள். சர்க்கரைக்காரர் காலில் கொப்புளம் என்பது சின்ன விஷயம் அல்ல.

மலை நோய்க்கு மாத்திரை, டீ, கேன்

டயாமாக்ஸ் என்ற பெயரில் பலர் அறிந்த அசிட்டசோலமைடு, உடம்பு உயரத்துக்குப் பழகுவதைத் துரிதப்படுத்தும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்கி. விரல் நுனியில் ஊசி குத்துவது போலிருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். இதெல்லாம் பயப்பட வேண்டியவை அல்ல. ஆனால் உங்களுக்குச் சல்ஃபா அரிப்பு வந்திருக்கிறது. இதுவும் வேதியியலில் தூரத்து உறவு. வெறும் அரிப்பு மட்டும் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது ஒத்துக்கொள்ளும். அன்று மூச்சுத் திணறலோ, வாய் முழுக்கப் புண்ணோ, தோல் உரிதலோ வந்திருந்தால் இதைத் தொடவே கூடாது. எது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, உள்ளூரிலேயே டாக்டர் பார்வையில் ஒரு டோஸ் போட்டுப் பாருங்கள். இதற்கு மாற்றாக டெக்ஸாமெத்தசோன் இருக்கிறது, ஆனால் அது ஸ்டீராய்டு, சர்க்கரையை எகிறவைக்கும். உங்களுக்கு அது கடைசிக் கை.

கோகா டீ குஸ்கோவில் எல்லா விடுதியிலும் கொடுப்பார்கள். ஆண்டிஸ் மக்களின் பழைய பழக்கம் அது. சூடாக இருக்கும், குடிக்கலாம். மலை நோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குடித்தபின் சில நாள் சிறுநீர்ப் பரிசோதனையில் கொக்கெய்ன் என்று காட்டக்கூடும், அதனால் மாப்பிள்ளைக்கு அலுவலகத்தில் அப்படிப் பரிசோதனை உண்டென்றால் அவர் தவிர்ப்பது நல்லது. இலையையோ டீப் பையையோ ஊருக்கு எடுத்து வராதீர்கள்; அமெரிக்காவுக்கும் கூடாது. இங்கே கோகா இலை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

ஆக்சிஜன் கேன் சில நிமிடம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். குஸ்கோவில் முதல் நாள் 90-க்குக் கீழே காட்டுவது சகஜம், ஊரில் அந்த எண்ணைப் பார்த்தால் ஐசியுவுக்கு ஓடுவோம். எண்ணைவிட ஆள் எப்படி இருக்கிறார் என்பதே முக்கியம். தலைவலியோடு குமட்டல், சோர்வு இருந்தால் அன்று மேலே போகக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், நேர்க்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடினால், பேச்சு குழறினால், ராத்திரியானாலும் இறங்க வேண்டும். இதை உங்களுக்குச் சொல்வதைவிட மகளுக்குச் சொல்வதுதான் முக்கியம், ஏனென்றால் அந்த நிலையில் உங்களுக்குத் தெரியாது. “எனக்கு ஒன்றுமில்லை, விடு” என்று சொல்லும் அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மதுவும் தூக்க மாத்திரையும் முதல் சில ராத்திரிகளுக்கு வேண்டாம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. குஸ்கோ நகரத்தின் உயரத்தில் இந்தக் காய்ச்சலைப் பரப்பும் கொசு வாழ்வதில்லை. ஆனால் பெருவின் அமேசான் பக்கத்தில் நோய் இருக்கிறது, அதனால் இந்தியா பெருவை மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. அங்கிருந்து கிளம்பி 6 நாளுக்குள் இந்தியாவில் இறங்குகிறவர் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைப்பார்கள், 6 நாள் வரைகூட. நீங்கள் பெருவில் எந்த ஊருக்குப் போனீர்கள் என்பது விமான நிலையத்தில் அந்த மேசையில் எடுபடாது.

சிக்கல் உங்கள் வயதில். இது உயிருள்ள வைரஸைப் பலவீனமாக்கிச் செய்த தடுப்பூசி. 60 தாண்டியவர்கள் முதல் முறையாகப் போட்டுக்கொள்ளும்போது, அபூர்வமாக வரும் கடுமையான பக்கவிளைவுகளின் வாய்ப்பு இளையவர்களைவிடக் கூடுதல். முட்டைக்குக் கடும் ஒவ்வாமை, தைமஸ் சுரப்பி நோய், எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து ஏதாவது இருந்தால் போடவே கூடாது. ஆக, இரண்டு வழி. ஊசி போடும் மையத்தில் டாக்டரிடம் வயதையும் நோய்களையும் சொல்லி, அவர் சரி என்றால் போட்டுக்கொள்வது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போல அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இது கிடைக்கும். போட்ட பத்தாம் நாளிலிருந்து சான்றிதழ் செல்லும், வாழ்நாள் முழுக்க ஒரே ஊசி போதும். இல்லாவிட்டால், லிமாவிலிருந்து நேரே வராமல் மகளோடு அமெரிக்கா திரும்பி, ஒரு வாரத்துக்கு மேல் இருந்துவிட்டு வருவது. அப்போது அந்த 6 நாள் கணக்கு தாண்டிவிடும். சல்கன்டாய் பாதையின் பின்பகுதி கொசு கடிக்கும் ஈரக்காட்டுக்குள் இறங்குகிறது, அதனால் அதைத் தேர்ந்தெடுத்தால் நான் ஊசியின் பக்கம் சாய்வேன். குறுகிய நடை மட்டும் என்றால் இரண்டாவது வழியே மேல்.

காப்பீடும் மீட்பும்

விசாவில் உங்களுக்குப் பிரச்சினை இருக்காது. ஆறு மாதமாவது செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குப் பெரு சுற்றுலா விசா கேட்பதில்லை. கிளம்புமுன் புது தில்லியில் இருக்கும் பெரு தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காப்பீடு அப்படியல்ல. கிரெடிட் கார்டோடு வந்த பயணக் காப்பீடு போதும் என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இத்தகைய பாலிசிகள் பலவற்றில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலையேற்றமும், ஏற்கனவே இருக்கும் நோய்களும் விலக்கப்பட்டிருக்கும். மூன்று கேள்வியை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: 4,600 மீட்டர் வரை நடை சேர்த்தியா? சர்க்கரை, பிபியால் வரும் சிக்கலுக்குப் பணம் உண்டா? மலையிலிருந்து கீழே கொண்டுவரும் செலவு யாருடையது?

நேபாளத்தில் போல அழைத்தால் ஹெலிகாப்டர் வரும் என்ற எண்ணம் வேண்டாம். சல்கன்டாயில் முடியாதவரைக் குதிரையிலோ கோவேறு கழுதையிலோ ஏற்றி, வண்டி வரும் சாலை வரைக்கும் இறக்குவார்கள். எனவே முன்பணம் வாங்கிய நிறுவனத்திடம் கேளுங்கள்: அவசரக் குதிரை கூட வருமா, ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா, ஒருவர் திரும்பவேண்டி வந்தால் அவரோடு இறங்க இரண்டாவது வழிகாட்டி இருக்கிறாரா? இதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால், முன்பணம் போனாலும் பரவாயில்லை, வேறு இடம் பாருங்கள்.

சமையல்காரரிடம் சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சூப்பில் கோழிச் சாறு சேர்ப்பது அங்கே வழக்கம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், பல் தேய்க்கவும் கொதிக்க வைத்ததுதான். மாத்திரைகளை அட்டையோடு, வேதிப்பெயர் எழுதிய மருந்துச் சீட்டோடு, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று மகளிடம். விமானத்தில் சரக்கில் போடும் பெட்டியில் எதையும் வைக்காதீர்கள்.

மீதிப் பணம் கட்டுவதற்கு முன்னால் கிரியேட்டினின், விழித்திரை, ஈசிஜி மூன்றின் முடிவும் கைக்கு வந்துவிடட்டும். விழித்திரையில் ரத்தக்கசிவு இருப்பதாகச் சொன்னாலோ, நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வருவதாகக் கடிதத்தில் எழுதாமல் விட்டிருந்தாலோ, மேலே சொன்ன மூன்று வழியும் அப்புறம்தான், முதலில் சிகிச்சை.